தேசப்பனின் கண்ணும் உன் படிப்பும்

நைனா,

நீ பம்பாய் போய்ச் சேர்ந்திருப்பாய். அறை கிடைத்ததா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் அப்பா தனியாக ஒரு கார்டு போடுவார். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. சென்ட்ரலில் ரயில் புறப்படுவதற்கு முன்னால், தண்ணீர்க் கூஜாவை என் கையிலிருந்து வாங்கி சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டே நீ ஒன்று சொன்னாய். "அன்னிக்கு நீ ஒரு வரி மாத்தி அடிச்சிருந்தா நான் காலேஜ் முடிச்சிருப்பேன்மா." கோபமாகச் சொல்லவில்லை. பல வருஷமாக உள்ளுக்குள்ளே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு மாதிரி வந்தது. அப்பா காது கேட்காதவர் போலப் போர்ட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நகராமல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. திருவள்ளூருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதே நினைப்பு. செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் தாண்டும்போது, பழைய கிளினிக் இருந்த பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தக் கிளினிக்கைப் பற்றி உனக்குத் தெரிந்தது அரைகுறை. தெருவில் பேசியதைக் கேட்டு நீயே ஒரு கதை கட்டிக்கொண்டாய். நானும் திருத்தவில்லை. திருத்துவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். இப்போதும் இல்லைதான். கோர்ட்டு வாசலில் மனு டைப் அடித்து அடித்து விரல் கணுவெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கிறது. இதைப் பேனாவால்தான் எழுதுகிறேன், மெதுவாக. நீயும் மெதுவாகவே படி.

என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பத்து வரைக்கும் படிப்பும், கூடவே டைப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். உன் அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மழை பெய்தால் சூளை கிடையாது, சூளை இல்லாவிட்டால் கூலி கிடையாது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஸ்டேஷனுக்கு எதிரே கிளினிக் வைத்திருந்த டாக்டர் டைப் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். டாக்டருக்கு டைப்பிஸ்ட் எதற்கு என்று எனக்கே அப்போது ஆச்சரியம். நாடி பார்க்கிறார், ஊசி போடுகிறார், காசு வாங்குகிறார், இதில் அடிக்க என்ன இருக்கிறது? போன முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கிளினிக் ஓடியது ஊசியால் இல்லை, பில்லால்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இரும்பு வார்க்கிற தொழிற்சாலை ஒன்று இருந்ததே, அதன் தொழிலாளிகளுக்கு எங்கள் டாக்டர்தான் கம்பெனி டாக்டர். அரசாங்கத்தின் தொழிலாளர் இன்சூரன்ஸ் எங்கள் பக்கம் வந்துசேராத காலம். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் தொழிற்சாலை ஆபீசில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வருவான். காசு தர வேண்டாம். டாக்டர் பார்த்து, என்ன நோய், என்ன மருந்து என்று சீட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் அத்தனை சீட்டையும் ஆள்வாரியாக அடுக்கி, நான் கார்பன் வைத்து மூன்று பிரதி பில் அடித்து அனுப்ப வேண்டும். அங்கே லேபர் ஆபீசர் என்று ஒருவர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பார். இது எதற்கு, அது எதற்கு என்று கோடு போட்டு அடித்துவிட்டு மிச்சத்துக்குப் பணம் அனுப்பி வைப்பார். அதுவும் உடனே வராது. சித்திரையில் போட்ட ஊசிக்கு ஆடியில் பணம் வந்தால் அது நல்ல வருஷம்.

போகப் போக எது நிற்கும், எது அடிபடும் என்று எனக்குப் பழகிவிட்டது. 'உடம்பு வலி' என்று எழுதினால் அடித்துவிடுவார்கள், 'காய்ச்சலோடு உடம்பு வலி' என்று எழுதினால் விட்டுவிடுவார்கள். டானிக் என்றால் போச்சு. தொழிலாளிக்கு மட்டும்தான் வைத்தியம், அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது என்பது சட்டம். ஆனால் பெண்டாட்டி வாசலில் வந்து நின்றால் டாக்டர் எப்படித் துரத்துவார்? புருஷன் சீட்டிலேயே மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரு தடவை முழுகாமல் இருந்த பெண்ணுக்கு மசக்கை வாந்திக்கென்று கொடுத்த மாத்திரை, ஆறடி உயரத்தில் மீசை வைத்த அவள் புருஷன் பேரிலேயே பில்லில் போய்விட்டது. லேபர் ஆபீசர் அதைச் சிவப்பால் வட்டம் போட்டு, 'பிரசவம் எப்போது?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் முகம் சுருங்கிப்போயிற்று. "நாம வைத்தியம் பாக்கறோமா, கணக்குப் பரீட்சை எழுதறோமான்னு தெரியலம்மா" என்றார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கம்பெனியின் அந்தப் பணம்தான் கிளினிக்கின் வாடகை, கம்பவுண்டரின் சம்பளம், என் சம்பளம். காசு கொடுத்து வருகிற நோயாளிகளின் வருமானம் பஞ்சுக்கும் மருந்துக்கும்தான் சரியாக இருக்கும். நீ பி.யூ.சி. படிக்கப் பட்டணத்துக்கு எடுத்த சீசன் டிக்கெட்டும், உனக்குத் தைத்த இரண்டு பேண்ட்டும் அந்தப் பில்லிலிருந்து வந்தவை. உனக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். இப்போது யோசித்தால், தெரிந்திருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

நீ பி.யூ.சி. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அந்தக் கோடையில்தான் தேசப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உலைப் பக்கம் வேலை பார்த்தவன், முப்பது வயதுக்குள் இருக்கும். கம்பெனி வேனிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இடது கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான், அழவில்லை, பல்லைக் கடித்த சத்தம் மட்டும் கேட்டது. உருக்கிய இரும்பு அச்சில் ஊற்றும்போது தெறித்துவிட்டது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி உண்டா என்று டாக்டர் கேட்டார். ஒருவன் தரையைப் பார்த்தான். இன்னொருவன், "ஆபீஸ் ரூம்ல ஒண்ணு மாட்டிக்கீது சார், வெளியிலேர்ந்து யாருனா வந்தா போட்டுக்கினு உள்ள வருவாங்க" என்றான். டாக்டர் கண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, அதே வேனில் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி நான் சீட்டில் எழுதினேன். அது என் வேலை, அதில் வீரம் எதுவும் இல்லை.

கண் பிழைக்கவில்லை. தேசப்பன் ஊருக்குத் திரும்பிய சில நாளில் லேபர் ஆபீசர் காரில் வந்து இறங்கினார். சிவப்பு மைக்காரரை அன்றுதான் நேரில் பார்த்தேன். நல்ல மரியாதையான மனுஷர், என்னைக்கூட 'மேடம்' என்றார். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தொழிலாளிகளுக்கு அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்க, கம்பெனி ஓர் இன்சூரன்ஸில் பணம் கட்டியிருந்தது. ஆனால் உலையில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் கண்ணாடி கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ்காரர்களின் நிபந்தனை. இந்தக் கேஸ் அவர்களிடம் போனால் வந்து பார்ப்பார்கள், பின்னாலேயே அரசாங்கத்து இன்ஸ்பெக்டரும் வருவார். அதனால் தேசப்பன் வீட்டில் விறகு பிளக்கும்போது சிம்பு தெறித்துக் கண் போனது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. தேசப்பனுக்குக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது லேபர் ஆபீசர், ஆவடியில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருப்பதாகவும், கம்பெனி வேலை கிடைக்குமா என்று இரண்டு தடவை வந்து கேட்டதாகவும் சொன்னார். மிரட்டுகிற குரலே இல்லை. ஊர் நிலவரம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது, அதற்கப்புறம் நான் பிடிவாதமாக உட்கார்ந்து அந்த வரியை மாற்ற மாட்டேன் என்று சொன்னதாக. அப்படி நடக்கவே இல்லை. மறுநாளே தேசப்பனும் அவன் பெண்டாட்டி மங்காவும் வந்தார்கள். விறகு என்றே எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்தார்கள். மங்கா டாக்டரின் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு போச்சி சார். வேலையும் போய்ட்டா நாங்க இன்னா பண்ணுவோம்?" என்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தேசப்பன் கட்டுப் போட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அடிபட்டவனே பொய்யைக் கேட்டு வந்து நின்றால், அதை மறுப்பதற்கு நாம் யார் என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது.

டாக்டர் என்னை டைப் மெஷின் முன்னால் உட்காரச் சொன்னார். பிறகு இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்ல, இரண்டு தாளிலும் நான் அடித்தேன். ஒன்றில் உலை, ஒன்றில் விறகு. மற்றதெல்லாம் ஒன்றுதான், பேர், வயது, போன கண். "ரெண்டும் இங்கிலீஷ்ல இருக்கு, அவங்களுக்குப் புரியாது. நீங்க தமிழ்ல எடுத்துச் சொல்லுங்கம்மா. அவன் எதைக் காட்டறானோ அதுல கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு, உள் அறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொய்யில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தவரை எப்படி நல்லவர் என்று சொல்வது என நீ கேட்பாய். எனக்கும் அன்றைக்கு அவர்மேல் கோபம்தான், தன் தலைச் சுமையை என் தலைக்கு மாற்றிவிட்டாரே என்று. இப்போது கோபம் இல்லை. அவருக்கு வயதாகியிருந்தது. தினம் தினம் சிவப்பு மையோடு மல்லுக்கட்டி மனுஷர் ஓய்ந்துபோயிருந்தார். ஓய்ந்துபோன ஒருவர் அந்த அளவுக்காவது செய்தாரே என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பெஞ்சில் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இந்த உலைத் தாளில் கையெழுத்தானால் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்கலாம். சீக்கிரம் கிடைக்காது, அலையவிடுவார்கள், முழுசாகக் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. கம்பெனிக்காரன் வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவான். அந்த விறகுத் தாளில் கையெழுத்தானால் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் கண் போனதற்கு இனி எந்தக் காலத்திலும் யாரிடமும் ஒன்றும் கேட்க முடியாது. இதை இப்படிப் பிரித்து யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மங்கா குழந்தையை மடி மாற்றிக்கொண்டு, "வாட்ச்மேன் வேலைன்னு எதுலனா எழுதிக் குடுத்துக்கிறாங்களாய்யா?" என்று புருஷனைக் கேட்டாள். வாயால்தான் சொன்னார்கள் என்றான் அவன். வெளியே ஒரு பாசஞ்சர் ரயில் வந்து நின்று போயிற்று.

பிறகு தேசப்பன் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். "நான் உன் தம்பியா இருந்தா இன்னா சொல்லுவ யக்கா?"

நான் சொன்னேன். "நடந்தத நடந்தாப்புல எழுதிக்கோன்னு சொல்லுவேன். ஊட்ல வெறகு பொளந்தேன்னு இன்னிக்குக் கையெழுத்தாயிட்டா, நாளைக்கு அவங்க உன்ன வெளிய அனுப்புனாலும் உனக்கு கேக்க எடம் கிடையாது தேசப்பா."

அவன் உலைத் தாளின்மேல் விரலை வைத்தான். நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நடந்தது இவ்வளவுதான் நைனா. நீ சொல்கிற அந்த ஒரு வரியை நான் இரண்டு விதமாகவும் அடித்தேன். அவன் கேட்டபோது ஒன்றைச் சொன்னேன்.

அடுத்த மாதம் முதல் சீட்டோடு யாரும் வரவில்லை. எல்லோரும் ஆவடிக்குப் போனார்கள். நிலுவையில் இருந்த பில்களில் ஏதேதோ குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கம்பவுண்டர் முதலில் போனார். டாக்டர் தானே மருந்து கலக்கத் தொடங்கினார். இனி வேலை இல்லை என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானே ஒருநாள் டைப் மெஷினுக்கு உறை போட்டு, போய்வருகிறேன் என்று சொன்னேன். "உங்க பையனுக்கு காலேஜ் சீட்டு வந்துடுச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உனக்கு பி.எஸ்ஸி.யில் இடம் கிடைத்த கடிதம் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் வந்திருந்தது. அதே சமயம் மழையும் பிடித்துக்கொண்டு சூளை நின்றுபோனது. அப்பா யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தார். நீ ஒருவாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் போய், சாயங்காலம் கையெல்லாம் கறையோடு வந்து, லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டேன் என்றாய். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சோறு எடுத்து வைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

தேசப்பனுக்கு என்ன ஆனது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. வேலை போயிற்று. நஷ்டஈடு இழுத்துக்கொண்டே போயிற்று. இந்தத் தாள் இல்லை, அந்தத் தேதி பொருந்தவில்லை, பட்டணத்து டாக்டர் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அவனை அலையவிட்டார்கள். நான் அவனுக்கு மனு மேல் மனு அடித்துக் கொடுத்தேன். அப்படித்தான் எனக்குக் கோர்ட்டு வாசல் பழக்கமாயிற்று, அங்கேயே ஒரு மேஜை போட்டுக்கொண்டேன். கடைசியில் பணம் வந்தது, கேட்டதைவிடக் குறைவாக. அவன் மங்காவின் ஊரான ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டான். புதுவாயலில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை போட்டான். இன்சூரன்ஸ்காரர்கள் தொழிற்சாலைக்கு வந்து பார்த்ததில், உலைப் பக்கம் எல்லோருக்கும் கம்பெனியே கண்ணாடி வாங்கிக் கொடுத்ததாம். சூட்டில் வேர்த்து மறைக்கிறது என்று பாதிப்பேர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். உலகத்தைத் திருத்திவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். அங்கே பம்பாய்ப் பட்டறையில் மெஷினில் ஏதாவது ஆனால், வலி எவ்வளவு இருந்தாலும், எப்படி ஆனது என்பதை முதலில் பார்க்கிற டாக்டரிடம் முழுசாகச் சொல்லிவிடு. அவர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றால் அது பிறகு காகிதத்தில் ஏறுவதே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், அதனால் சொல்கிறேன்.

நீ ரயில் ஏறி நாலைந்து நாள் கழித்துத் தேசப்பன் என்னைப் பார்க்க வந்தான். அன்றைக்கு இடுப்பில் இருந்த அந்தப் பெண்ணுக்கு அடுத்துப் பிறந்த பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஏதோ சர்ட்டிபிகேட் வேண்டுமாம், அதற்குத் திருவள்ளூர் வந்தவன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கண் இருந்த இடம் மூடிப்போய்த் தழும்பாக இருக்கிறது. எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "உன் புள்ள அப்போ பெரிய படிப்பு படிச்சிக்கினு இருந்தானே யக்கா, இன்னா ஆனான்?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் சொன்னதில்லை. அன்று எனக்கு மறைக்கத் தெம்பில்லை. கம்பெனி பில் நின்றது, கிளினிக் படுத்தது, உன் படிப்பு நின்றது, நீ லேத்துக்குப் போனது, பிளாட்பாரத்தில் நீ கேட்டது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவன் டீ கிளாசை என் மேஜைமேல் வைத்துவிட்டான். மிச்சத்தைக் குடிக்கவில்லை. அன்றைக்கு அந்தத் தாளை அவன் காட்டினால் என் வேலை போகும் என்பது எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். லேபர் ஆபீசர் சொல்லிவிட்டுப் போனபோதே தெரியும்.

"அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அந்த இன்னொரு பேப்பரத்தானே காட்டியிருப்பேன் யக்கா" என்றான்.

"தெரியும் தேசப்பா. அதனாலதான் சொல்லல."

அம்மா